ஒரே பானையில் வார்த்த குண்டுகள்

என் புருஷன் ராய்ஸ் துப்பாக்கிப் போட்டிகளில் பேர் வாங்கிய பத்தொன்பது வருஷமும் அவனுக்குக் குண்டு வார்த்துக் கொடுத்தது நான்தான். இதை மறைக்க வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் அவனே வார்த்துப் பார்த்தான். ஒரு சனிக்கிழமை முழுக்கக் கார் கொட்டகையில் நின்றான். காரீயம் பதமாகச் சூடேறும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. அச்சும் சூடேறியிருக்க வேண்டும் என்பதையும் காதில் வாங்கவில்லை. வந்ததெல்லாம் சுருக்கம் விழுந்த குண்டுகள். "நீ ரொட்டி சுடறவதானே, உனக்கு இது வரும்" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு மாடுகளைப் பார்க்கப் போய்விட்டான். அன்றைக்கு வாங்கிய கரண்டியை நான் திரும்பக் கொடுக்கவேயில்லை.

எங்கள் பக்கம், மொன்டானாவின் கிழக்கில், கோடைகாலம் என்றால் ஹார்லன் மேட்டுத் திடலில் போட்டி நடக்கும். இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கடா. கோழி இருநூறு மீட்டரில், கடா ஐந்நூறு மீட்டரில். குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் கவிழ வேண்டும். துப்பாக்கி பழங்கால மாதிரி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, புகை கக்கும் பழைய வெடிமருந்து, கட்டைவிரல் தடிமனில் காரீயக் குண்டு.

அந்தக் குண்டின் பதம்தான் விஷயம். ரொம்ப மெத்தென்று இருந்தால் வெடிக்கிற வேகத்தில் மூக்கு சப்பிப்போய், தூரத்தில் குடிகாரன் மாதிரி தள்ளாடும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் அடிப்பாகம் விரிந்து குழலை அடைக்காது. இடுக்கில் நெருப்பு புகுந்து காரீயத்தை உருக்கி உள்ளே பூசிவிடும். "இருபதுக்கு ஒண்ணு" என்று திடலில் எல்லோரும் சொல்வார்கள். இருபது பங்கு காரீயம், ஒரு பங்கு வெள்ளீயம். சொல்வதற்கு என்ன. கைக்கு வருகிற காரீயம் சுத்தமாக இருந்தால்தானே அந்தக் கணக்கு. பழைய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து உரித்த தகடு சுத்தமானது, நகம் பட்டால் கோடு விழும். டயர் கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போடுகிற எடைக்கட்டியில் ஆண்டிமனி என்ற கெட்டி உலோகம் கலந்திருக்கும், அது முரடு. நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருக்கிக் கட்டியாக ஊற்றி, சுத்தமானதற்கு ஒரு பெருக்கல் குறியும், முரட்டுக்கு இரண்டு கோடும் உளியால் போட்டு வைத்திருந்தேன்.

பதம் பார்க்க என்னிடம் இருந்தது படம் வரைகிற பென்சில் பெட்டி. முனையைத் தட்டையாகத் தேய்த்து, காரீயத்தின் மேல் உளி மாதிரி வைத்துத் தள்ள வேண்டும். பென்சில் கெட்டியாக இருந்தால் காரீயத்தைச் சீவும், இல்லையென்றால் வழுக்கும். எங்கள் துப்பாக்கிகளுக்கு மெத்தென்ற 3பி வழுக்க வேண்டும், அதைவிடக் கொஞ்சம் கெட்டியான 2பி சீவ வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது. கொட்டகைக்குப் பின்னால் பெஞ்சு போட்டு, மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, ஒவ்வொரு கலவையையும் நானே சுட்டுப் பார்த்தேன். ராய்ஸ் திடலில் போய்ச் சுட்டான். யாராவது கேட்டால் "என் கலவைதான், இருபதுக்கு ஒண்ணு" என்பான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மார்ச்சில் ராய்ஸ் வீட்டை விட்டுப் போனான். நாற்பது மைல் தள்ளி மீன்தூண்டில் கடை வைத்திருக்கும் ஒருத்தியோடு. அவளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு முறை அவளிடம் புழு வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூட பஸ் ஓட்ட நான் போயாக வேண்டும், போனேன்.

அவன் நல்ல துப்பாக்கி, அச்சு, உருக்குகிற பானை, நான் அடுக்கி வைத்திருந்த கட்டிகள், வெள்ளீயக் கம்பிகள், ஜெயித்த கோப்பைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். பழைய துப்பாக்கி ஒன்றை விட்டுப் போனான். பென்சில் பெட்டியும் அங்கேயே கிடந்தது. அது எதற்கு என்று அவனுக்குத் தெரியாது.

மே மாதக் கடைசியில் ராய்ஸிடமிருந்து போன் வந்தது.

"ஆர்டிஸ், எப்படி இருக்க?"

"என்ன வேணும், சொல்லு."

"சும்மாதான் கூப்பிட்டேன். அப்புறம்... இந்தப் பெருக்கல் குறி போட்ட கட்டிக்கும் ரெட்டைக் கோடு போட்டதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரெண்டையும் என்ன பண்ணின?"

"ஒண்ணாப் போட்டு உருக்கிட்டேன்."

"எவ்வளவுக்கு எவ்வளவு?"

"கைக்கு வந்தபடி."

அவனே தொடர்ந்தான். குழல் உள்ளே வெள்ளி பூசின மாதிரி இருக்கிறதாம். சுரண்டிச் சுரண்டித் தோள்பட்டை போய்விட்டதாம். அடுத்து, கடையில் வாங்கின சுத்தக் காரீயத்தில் வார்த்தானாம். கடா உருவத்துக்குப் பின்னால் வைத்த அட்டையில் குண்டு படுத்துக்கொண்டு போன தடம் இருந்ததாம், சாவித் துவாரம் மாதிரி.

"ஜூலை பன்னண்டு மாநிலப் போட்டி. எவ்வளவு போடணும்னு மட்டும் சொல்லு, எழுதிக்கறேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

லியோட்டாவிடம் சொன்னேன். தபால் வண்டி ஓட்டுகிறவள், எனக்கு முப்பது வருஷப் பழக்கம். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"பொய் சொல்லி விடுடி. ரெட்டைக் கோட்டையே பாதிக்குப் பாதி போடச் சொல்லு. ஜூலை முழுக்கக் குழல் சுரண்டிக்கிட்டு உக்காந்திருக்கட்டும் மகராசன்."

"நானும் அதான் நெனச்சேன்."

"நெனச்சா போதுமா? நெனச்சுக்கிட்டே இருக்காத, போனை எடு."

இரண்டு நாள் உண்மையாகவே யோசித்தேன். பொய்யான அளவு ஒன்றைக்கூட மனசுக்குள் தயார் செய்தேன். ஆனால் அதை வாய் விட்டுச் சொல்லிப் பார்த்தபோது என்னவோ போல் இருந்தது. அவன் மேல் இரக்கம் என்று சொல்ல மாட்டேன். அந்த அளவு நான் தேடிக் கண்டுபிடித்தது. அதைக் கெடுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதோடு எனக்கும் அச்சும் பானையும் வேண்டியிருந்தது. அது லியோட்டாவுக்கே தெரியாது. ஏப்ரலிலிருந்து தினமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, காபி டப்பாவில் போட்டு வைத்திருந்த கழித்துப்போட்ட குண்டுகளை எடுத்து, பழைய துப்பாக்கியால் நின்றபடி சுட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். மாநிலப் போட்டிக்குப் பேரும் கொடுத்துவிட்டேன்.

ராய்ஸைக் கூப்பிட்டேன். "போன்ல சொல்ற விஷயம் இல்ல இது. எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வா. பானை, அச்சு, கட்டி, எதையும் விடாத."

ஜூன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். கொட்டகையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தான். அவன் சேர்த்து உருக்கின அறுபது பவுண்டு கலவையைப் பென்சிலால் பார்த்தேன். ஒரு கட்டியில் எச்பிகூட வழுக்கியது, அவ்வளவு கெட்டி; இன்னொன்றில் 4பிதான் வழுக்கியது, அது மெத்து. ஒரே பானையில் ஊற்றினதுதான். கலக்கவேயில்லை அவன். அதை மூலையில் தள்ளி வைத்தேன். பெருக்கல் குறி போட்ட கட்டி நாற்பது பவுண்டுக்கு மேலேயே மிச்சம் இருந்தது.

"இதைத்தான் இத்தனை வருஷமா பண்ணினியா? பென்சிலை வெச்சா?" என்றான்.

"ஆமா."

"நீ ஏதோ கடையிலேருந்து வந்த பில்லை டிக் பண்றேன்னு நெனச்சேன்."

அவன் நேரே விஷயத்துக்கு வந்தான். "எனக்கு இருநூத்தம்பது வார்த்துக் குடுத்துடு, ஆர்டிஸ். இந்த ஒரு தடவை."

"ஐந்நூறு வார்க்கறேன். பாதி உனக்கு. பாதி எனக்கு."

"உனக்கு எதுக்கு?"

"நானும் சுடப் போறேன். பேர் குடுத்தாச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எதால சுடுவ?"

"நீ விட்டுட்டுப் போன பழசால."

"அது உதைக்கிற உதைக்குத் தோள் கழண்டுடும்."

"கழண்டா மாட்டிக்கறேன்."

கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "நல்லதெல்லாம் நீ எடுத்துக்கிட்டு மிச்சத்த எனக்குத் தள்ளிட்டா?"

"ஒரே பானை, ஒரே நாள். வார்த்து அடுக்கினதும் நீ ரெண்டு கூறாப் பிரி. எந்தக் கூறு வேணுமோ அதை நான் எடுத்துக்கறேன்."

சரி என்றான்.

"வெள்ளீயம் எங்க?" என்று கேட்டேன்.

அவன் மூலையில் கிடந்த அறுபது பவுண்டைப் பார்த்தான். "அதுக்குள்ள போட்டுட்டேன். பளபளன்னு வரும்னு நெனச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

தபாலில் வாங்குகிற இடத்துக்குப் போன் செய்தேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வார்த்த குண்டு பத்து நாளாவது ஆறிக் கிடந்தால்தான் அதன் உண்மையான பதம் தெரியும். மூன்று வாரம் பொறுக்க முடியாது. போனை வைத்துவிட்டு நின்றபோது அவன் வண்டியின் பின்சீட்டைப் பார்த்தேன். ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கோப்பைகள். எதையும் விடாதே என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, அதையும் தூக்கி வந்திருந்தான். ஆறு கோப்பைகள். கைப்பிடி வைத்த சின்னக் குவளைகள், வருஷம் பொறித்தது. எல்லாம் வெள்ளீயக் கலவையில் செய்தவை என்று சொல்லித்தான் போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்தார்கள்.

"வெள்ளீயம் இருக்கே" என்றேன்.

அவன் என் பார்வை போன பக்கம் பார்த்தான். "விளையாடாத."

"விளையாடல. ரெண்டு பவுண்டு வேணும். அந்தப் பெட்டியில சரியா இருக்கும்."

"அதெல்லாம் நான் ஜெயிச்சது, ஆர்டிஸ்."

"எதை வெச்சு ஜெயிச்ச?"

இதை நான் கத்திச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பது மாதிரிதான் கேட்டேன். அவன் வெளியே போய் வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்றான். நான் உள்ளே போய்க் காபி போட்டேன், பன்றிக்கறி வைத்து ரொட்டி அடுக்கினேன். அவன் வந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான், அது புதுசு. பிறகு பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்தான்.

"போடு" என்றான்.

கோப்பைகளை நேரே பானையில் உருகுகிற காரீயத்தில் போடக்கூடாது. தனியாக இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் உருக்க வேண்டும். வெள்ளீயம் காரீயத்தைவிடச் சீக்கிரம் உருகும். ஒவ்வொன்றாக வைத்தேன். கைப்பிடி முதலில் தொய்யும், அப்புறம் விளிம்பு, பிறகு மொத்தக் கோப்பையும் களைத்த ஆள் மாதிரி உட்கார்ந்துவிடும். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நாலு. ராய்ஸ் பக்கத்தில் நின்று வருஷத்தைப் படித்துக்கொண்டே வந்தான். "இது காத்து பலமா அடிச்ச வருஷம்." "இது உன் அப்பா செத்த வருஷம்." எனக்கும் ஞாபகம் இருந்தது.

கடைசியாகத் தொண்ணூற்றாறு. மாநிலப் போட்டியில் அவன் முதலாவதாக வந்த ஒரே வருஷம். கோப்பை மற்றவற்றைவிடப் பெரியது, நல்ல மினுமினுப்பு. சட்டியில் வைத்தேன். மற்றவை உருகின நேரம் கடந்தது. அது அப்படியே நின்றது. சூட்டைக் கூட்டினேன். அசையவில்லை.

"சட்டி பத்தல போல. பெரிய பானையில போட்டுடலாம், அது நல்லா கொதிக்குது" என்று ராய்ஸ் இடுக்கியால் கோப்பையைத் தூக்கிவிட்டான். பானைக்கு மேல் கொண்டுபோனவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போடாத! இது வெள்ளீயமே இல்ல. துத்தநாகம் கலந்த மட்ட உலோகம். இது ஒரு துளி உள்ள போச்சுன்னா நாப்பது பவுண்டும் கஞ்சியாயிடும். அச்சுல எறங்காது."

அவன் இடுக்கியோடு அப்படியே நின்றான். கோப்பையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். மற்றவற்றில் இருந்த முத்திரை அதில் இல்லை.

"ஏழு வருஷமா இதைத்தான் எல்லாத்துக்கும் முன்னாடி வெச்சிருந்தேன்" என்றான்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அதுல ஜெயிச்சது நிஜம்தானே. கோப்பைதான் மட்டம்" என்றேன். அவன் அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, முதல் தடவையாக, சொன்னபடி அடிவரைக்கும் விட்டுக் கலக்கினான்.

ஐந்து கோப்பை சேர்ந்து இரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மெழுகுத் துண்டு போட்டு அழுக்கை மேலே கொண்டுவந்து வழித்தெடுத்தோம். பத்துக் குண்டு மாதிரிக்கு வார்த்துப் பார்த்தேன். கோப்பையில் கொஞ்சம் ஆண்டிமனி இருக்கும் என்று தெரியும், அதனால் இன்னும் நாலு பவுண்டு சுத்தக் காரீயம் சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் ஐந்நூற்றிருபது வார்த்தோம். நான் ஊற்றினேன், அவன் அச்சைத் தட்டிக் கம்பளத்தில் விழவிட்டான். தராசில் நிறுத்து இருபதைக் கழித்தோம். அவன் இரண்டு கூறாகப் பிரித்தான். நான் இடதுபக்கக் கூறை எடுத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துப் பென்சில் வைத்துப் பார்த்தேன். 3பி வழுக்கியது, 2பி சீவியது. அவனுக்குப் போன் செய்து "சரியா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை பன்னிரண்டு நல்ல வெயில், காற்று இடமிருந்து வலமாக விட்டு விட்டு அடித்தது. லியோட்டா எனக்குத் தூரக்கண்ணாடி பார்க்க உட்கார்ந்தாள். காற்று எவ்வளவு, குண்டு எங்கே பட்டது என்று சொல்வது அவள் வேலை. பக்கத்து விரிப்பில் நின்றவர்கள் நான் ராய்ஸுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். நான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தபோதுதான் பேச்சை நிறுத்தினார்கள்.

கோழிகளை மட்டும் நின்றபடி சுட வேண்டும். அதில் நான் கேவலம். பத்தில் இரண்டு. துப்பாக்கி என் கையில் ஆடியது, மூச்சு ஆடியது, எல்லாம் ஆடியது.

"என்னடி, கோழிய மெரட்டிப் பாக்கறியா?" என்றாள் லியோட்டா.

"வாய மூடிக்கிட்டுக் காத்தைப் பாரு."

ராய்ஸ் எட்டுக் கோழி கவிழ்த்தான். நிற்பதில் அவன் கெட்டிக்காரன், அது அவனுடையது, நான் கொடுத்ததில்லை. பன்றியில் எனக்கு ஆறு, அவனுக்கு எட்டு. வான்கோழியில் இருவருக்கும் ஐந்து. கடாவுக்கு வந்தபோது மத்தியானம், தரையிலிருந்து வெக்கை எழும்பி உருவங்கள் தண்ணீருக்குள் இருப்பது போல் நெளிந்தன. எனக்குத் தோள் ரத்தம் கட்டியிருந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு சின்னக் குழாய் ஒன்றை வைத்துக் குழலுக்குள் ஊதினேன், மூச்சு பட்டு வெடிமருந்துக் கரி ஈரமாக இருக்க. காற்று ஓயும்வரை காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை.

முதல் கடா கவிழ்ந்தபோது சத்தம் ஒரு நொடி கழித்து வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது தப்பியது. லியோட்டா கிண்டலை நிறுத்திவிட்டாள். "குறிய ரெண்டு கோடு எடது பக்கம் தள்ளு" என்றாள், "அப்படியே இரு", "அடி". அவ்வளவுதான் பேசினாள். பத்தில் எட்டு கவிழ்த்தேன். பழைய குழலை எட்டிப் பார்த்தேன், ஒரு பொட்டுக் காரீயம்கூட ஒட்டியிருக்கவில்லை.

ராய்ஸுக்குக் கடாவில் ஆறு. மொத்தத்தில் அவன் இருபத்தேழு, நான் இருபத்தொன்று. வயோமிங்கிலிருந்து வந்த ஹாலிஸ் என்று ஒருவர் முப்பத்து மூன்று எடுத்து ஜெயித்தார். ஆனால் அன்றைக்குக் கடாவில் எட்டு எடுத்தது அவரும் நானும் மட்டும்தான்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் அவரைக்கொட்டையைச் சாப்பிட்டு முடிக்குமுன் ராய்ஸைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எப்போதும் அப்படித்தான். நான் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஹாலிஸ்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, ரெண்டு துப்பாக்கி, ஒரே குண்டாம்ல. குழல் ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. என்ன கலவை?"

"இருபதுக்கு ஒண்ணு" என்றான் ராய்ஸ், பழக்கத்தில்.

"அது எல்லாரும் சொல்றதுதான். நானும் அதான் போடறேன், குழலைச் சுரண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ராய்ஸ் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தான். சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் இருபது வருஷமாக அவனைத் தெரிந்தவர்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான். "எப்பவுமே தெரியாது. நான் ஒரு நல்ல குண்டுகூட வார்த்ததில்ல. எல்லாம் ஆர்டிஸ்தான். அங்க உக்காந்திருக்கா, அவளக் கேளுங்க."

யாரோ சிரித்தார்கள், அவன் விளையாடுகிறான் என்று. அவன் சிரிக்கவில்லை. ஹாலிஸ் தன் தட்டை எடுத்துக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஐம்பத்து நாலு வயதில் வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை. பென்சிலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் காகிதக் கைத்துடைப்பானில் குறித்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் நாலு பேர். லியோட்டா என் தட்டிலிருந்த பழப் பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டாள், நான் கவனிக்கவில்லை.

செப்டம்பரில் ராய்ஸ் வந்தான். தூண்டில் கடைக்காரியோடு ஒத்துவரவில்லை என்றான். திரும்பி வரலாமா என்று நேரடியாகவே கேட்டான், அதற்காக அவனை மெச்ச வேண்டும். வேண்டாம் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கோடையில் வீடு எனக்குச் சரியான அளவில் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

"வார்க்கறதையாவது கத்துக் குடுப்பியா?" என்றான்.

"அதுக்கு வா. சனிக்கிழமை காலைல. கையுறை எடுத்துக்கிட்டு வா, பொறுமையும் எடுத்துக்கிட்டு வா."

வந்தான். சில சனிக்கிழமைகள் வரவில்லை, பல சனிக்கிழமைகள் வந்தான். அக்டோபரில் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டோம், அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மறுநாளும் வந்தான். ஹாலிஸ் வயோமிங்கிலிருந்து தன் காரீயத்தைத் துண்டு துண்டாகத் தபாலில் அனுப்புவார். லியோட்டாதான் கொண்டுவந்து போடுவாள், "இந்த ஆளு உனக்குப் பூ அனுப்பினா என்னவாம், என் முதுகாவது தப்பிக்கும்" என்று திட்டிக்கொண்டே. நான் பதம் பார்த்து எழுதி அனுப்புவேன்.

குளிர்காலத்தில் பழைய துப்பாக்கியின் தோள்கட்டையை ஒரு அங்குலம் அறுத்துக் குறைத்து என் தோளுக்குச் சரிசெய்து வாங்கினேன். வசந்தத்தில் ராய்ஸ் அதை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே இது எனக்குச் சேராது" என்றான். அந்த வருஷப் போட்டியில் கோழியில் ஐந்து எடுத்தேன்.